எஞ்சின் சும்மா இருக்கும்போது

கண்ணு,

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. நான்கு பக்கத்தையும் வாசலில் நின்றபடியே படித்தேன். கிளட்ச் மிதியே இல்லாத லாரி ஒன்று உங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது, அதில் கியர் தானாகவே மாறுமாம், சமதரையில் நன்றாக ஓடுகிறது, மேடு வந்தால் எஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி நகரமாட்டேன் என்கிறது, ஒரு மாதமாக யாருக்கும் பிடிபடவில்லை, இப்போது என் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்துக்கு வந்ததும் "ஏங்க!" என்று நான் போட்ட கூச்சலில் உன் அப்பா குளித்துக்கொண்டிருந்தவர் காதில் சோப்பு நுரையோடு ஓடிவந்துவிட்டார். அவருக்குப் படித்துக் காட்டினேன். துண்டைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, "இன்னொரு வாட்டி படி" என்றார். இரண்டாம் தடவை நான் படித்தது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். சந்தோஷத்தில்தான், பயப்படாதே.

உன்னை ஜோலார்பேட்டையில் ரயில் ஏற்றிவிட்ட அன்று நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. ஒரு நர்ஸுக்கு லாரிப் பட்டறை வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் எனக்கு ஒரு லாரியைப் பற்றித் தெரியும், ராஜா. ஒன்றே ஒன்றைப் பற்றி. அதுவும் கிளட்ச் இல்லாத லாரிதான். நீ வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த வருஷங்களில், நான் நர்ஸாகவும் உன் அப்பா டிரைவராகவும் வேலை பார்த்த மருந்தகத்தில் ஓடியதே, லீவுக்கு வந்தால் இறங்கவே மாட்டேன் என்று பின்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுவாயே, அந்தப் பச்சை வண்டி. அது ஒருமுறை படுத்துக்கொண்டதும் மெக்கானிக் கரீம் பாய்தான் அதைச் சரி செய்தார் என்பதும் உனக்குத் தெரிந்த கதை. அது பொய். நானும் உன் அப்பாவும் சேர்ந்து இத்தனை வருஷம் உன்னிடமும் ஊரிடமும் சொன்ன பொய். இப்போது உண்மையை எழுதட்டுமா என்று உன் அப்பாவைக் கேட்டேன். "எழுது, இனிமே இன்னா" என்றார்.

அந்த வண்டி அமெரிக்காவில் யாரோ நல்ல மனசுக்காரர்கள் சேர்ந்து மருந்தகத்துக்கு அனுப்பியது. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து உன் அப்பாதான் ஓட்டிவந்தார். ஸ்டீயரிங் இடதுபக்கம் இருக்கும். அவர் பக்கத்தில் வலதுபுறம் நான் உட்கார்ந்துகொள்வேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கைப்பிடி. அதை 'டி' என்ற எழுத்துக்கு நேராக வைத்துவிட்டால் போதும், மற்றதையெல்லாம் வண்டியே பார்த்துக்கொள்ளும். உள்ளே கிளட்சுக்குப் பதில் எண்ணெய்தான் எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது என்று துறைமுகத்தில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். "என் இடது காலுக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டாங்க" என்று ஒரு வாரம் ஆம்பூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தோல் பதனிடும் டேனரியில் வேலை முடிந்து வெளியே வரும் ஆட்கள் கும்பலாக நின்று, அவர் காலைத் தூக்கிக் காட்டியபடி வண்டி எடுப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். ஐந்து மாதம் அந்த வண்டி குதிரை மாதிரி ஓடியது. மாதனூர், அதைத் தாண்டி பாலாற்றின் அந்தப் பக்கத்துக் கிராமங்கள், மலையடிவாரம் என்று வாரத்துக்கு நான்கு நாள் சுற்றினோம்.

அதன்பிறகு மெட்ராஸிலிருந்து வண்டியின் கையேடு வந்தது. இங்கிலீஷ் புத்தகம். உன் அப்பாவுக்கு அப்போது தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பி வந்து, நான் நாற்காலியிலும் அவர் கீழேயும் உட்கார்ந்து, நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். எனக்கு அன்று எவ்வளவு பெருமை தெரியுமா! மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், நர்ஸ் பரீட்சை இங்கிலீஷிலேயே எழுதியவள் என்ற கர்வம். கியர்பெட்டி எண்ணெயை அளக்க என் காலடியில் ரப்பர் விரிப்புக்குக் கீழே கோடு போட்ட ஒரு குச்சி இருக்கிறது என்று போட்டிருந்தது. எப்போது அளக்கவேண்டும் என்பதற்கு எஞ்சின் 'ஐட்லிங்' என்று ஒரு சொல். 'ஐடில்' எனக்குத் தெரிந்த வார்த்தைதானே? பாடம் எழுதாமல் உட்கார்ந்திருந்தால் டீச்சர் 'ஐடில் கேர்ள்' என்று பிரம்பைக் காட்டுவார். சும்மா இருப்பவள், சோம்பேறி. ஆகவே ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன்: "எஞ்சின் சும்மா இருக்கும்போது குச்சிய எடுத்துப் பாக்கணும். மேல் கோட்டத் தாண்டி இருந்தா ஜாஸ்தின்னு அர்த்தம். நுரைக்கும். எறக்கிடணும்."

மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்புமுன் பார்த்தார். எண்ணெய் கோட்டுக்கு மேலே எங்கேயோ நின்றது. வண்டிக்கு அடியில் படுத்து, அடைப்பைத் தளர்த்தி, கோட்டுக்குச் சரியாக வரும்வரை இறக்கினார். சிவப்பு எண்ணெய், பார்க்க அப்படியே ரத்தம் மாதிரி. அமெரிக்காவிலிருந்து வந்ததைக் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை. கழுவிவைத்திருந்த குளுக்கோஸ் பாட்டில்கள் நான்கில் பிடித்து மூடிவைத்தார். மருந்துக் கிடங்கில் வைக்க, மருந்தகத்தை நடத்திய டாக்டரம்மா சம்மதிக்காததால் அவை வண்டியின் பின்பெஞ்சுக்குக் கீழேயே ஒரு பெட்டியில் கிடந்தன.

அந்த வாரமே ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காக ஓடும். வெயில் ஏறி வண்டி சூடானதும், ஆற்றங்கரை மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருநாள் இப்படி மேட்டில் பின்னுக்கு வழுக்கி, ஒரு மாட்டுவண்டியில் இடிக்கப் பார்த்தது. உன் அப்பா வெளிறிப்போய் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். கீழே விழுந்த பையை எடுப்பதுபோல் குனிந்து, அவர் முகத்துக்குப் பக்கத்தில் போய், வாயை மோந்து பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது உனக்குத் தெரியும். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து தொட்டதில்லை என்பதும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் மோந்து பார்த்தேன். அவர் கவனித்துவிட்டார். அன்றிலிருந்து வண்டியில் போகும்போது பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

கரீம் பாயிடம் கொண்டுபோனோம். பஸ், லாரி, டேனரி பம்பு எதுவானாலும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்கிறவர். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எஞ்சின் ஜோரா கீது. பலம் சக்கரத்துக்குப் போவல. நடுவுல எங்கியோ காத்து வாங்குது, சளி புடிச்ச மூக்கு மாதிரி உறிஞ்சுது. ஆனா கிளட்சே இல்லாத வண்டிய எங்க பிரிக்கறது, எப்படி மாட்டறது? எனக்குத் தெரியாதும்மா. தெரியாதத தொட்டா பேஜாராயிடும்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். அதற்குப் பிறகு மெட்ராஸிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், உள்ளே எல்லாம் தேய்ந்துபோய்விட்டது, புதுப்பெட்டி கப்பலில்தான் வரவேண்டும், ஓட்டத் தெரியாதவர் கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டியை விற்றுவிடலாம், கிராமச் சுற்றை நிறுத்திவிடலாம், டிரைவர் தேவையில்லை என்று மருந்தகக் கமிட்டியில் முடிவாயிற்று. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வண்டியை ஒப்படைக்கவேண்டும்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. டேனரியில் வேலை செய்கிறவர் ஒருவரின் மனைவி, தலைப்பிரசவம், முந்தின நாளிலிருந்து வலி. காலையிலேயே போய்விட்டோம். வண்டி குளிர்ச்சியாக இருந்ததால் அக்கரை மேட்டில் ஏறிவிட்டது. பெண்ணின் பெயர் சின்னப்பொண்ணு. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, குழந்தை குறுக்கே கிடக்கிறது, டாக்டரம்மாவின் கை வேண்டும். அவளைப் படுக்கவைத்து, மாமியாரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல், உச்சி வெயில். இக்கரை மேட்டில் பாதி ஏறியதும் அதே அலறல். வண்டி நின்றது. மறுபடி முயன்றார். நின்றது. கீழே மணலுக்கே இறக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நான் ஓடிப்போய் மாதனூர்ல மாட்டுவண்டி புடிச்சாறேன்" என்று கதவைத் திறந்தார். போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். பின்னால் போய்ப் பார்த்தேன். அவளுக்கு நாடி விரைவாக அடித்தது. வயிற்றில் காது வைத்தேன், குழந்தையின் இதயம் நன்றாகக் கேட்டது. இன்னும் நேரம் இருந்தது, ஆனால் இரண்டு மணி நேரம் இல்லை. இறங்கி முன்னால் வரும்போது, கண்ணு, என் மண்டைக்குள் என்னமோ திறந்துகொண்டது. ஒரு நோயாளி வந்தால் முதலில் என்ன கேட்கிறேன்? எப்போது ஆரம்பித்தது, எதற்குப் பிறகு ஆரம்பித்தது, எந்த நேரத்தில் அதிகம்? மூன்று வாரமாக இந்த வண்டியைப் பற்றி அதை நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. உன் அப்பாவிடம்கூட!

"இருங்க" என்றேன். "இது மொதல்ல எப்ப வந்தது?"

"அந்தப் பொஸ்தகம் வந்த வாரம்."

"அந்த வாரம் வண்டிக்கு இன்னா பண்ணீங்க?"

"ஒன்னும் பண்ணல. நீ சொன்ன மாதிரி எண்ணெய எறக்கனேன்."

"தெனம் எண்ணெய் பாக்கறீங்களா?"

"தெனம் காலைல. சரியா கோட்டுல நிக்குது."

காலையில்! வண்டி காலையில் ஆரோக்கியமாக இருக்கிறது. மாலையில் காய்ச்சல் வருகிறவனுக்குக் காலையில் தெர்மாமீட்டர் வைத்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்பேனா? "இப்ப பாப்போம், நோவு இருக்கும்போதே. எஞ்சின நிறுத்தாதீங்க" என்று கத்தினேன். விரிப்பைச் சுருட்டி, மூடியைத் திறந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை உருவினேன். ராஜா, அதில் எண்ணெய் இல்லை! நுனியில் கொஞ்சம் இளஞ்சிவப்பு நுரை, அவ்வளவுதான். என் கையிலிருந்து குச்சியை வாங்கி அவர் பார்த்தார். நம்பாமல் எஞ்சினை நிறுத்தினார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி குச்சியை விட்டு எடுத்தார். எண்ணெய் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சரியாகக் கோட்டில்! மறுபடி எஞ்சினைப் போட்டார். காய்ந்த குச்சி. அந்த வெயிலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடும்போது எண்ணெய் முழுக்க மேலே வேலைக்குப் போய்விடுகிறது, நிறுத்தினால் எல்லாம் கீழே வந்து உட்கார்ந்துகொள்கிறது. சூட்டில் அது நீர்த்து நுரைக்கிறது. மேட்டில் வண்டி சாய்ந்ததும், இருக்கிற கொஞ்சமும் பின்னால் ஒதுங்கி, பம்பு காற்றைக் குடிக்கிறது. கரீம் பாய் சொன்ன அதே காற்று!

"அப்ப எப்ப பாக்கணும்னுதான் போட்டிருக்கு?" என்றார். புத்தகம் வண்டியில்தான் இருந்தது. பக்கத்தைத் திருப்பி, இந்தத் தடவை தமிழில் சொல்லாமல், இருந்ததை இருந்தபடியே இங்கிலீஷில் சத்தமாகப் படித்தேன்.

"இன்னா? ஐட்லிங்கா?" என்றார் உன் அப்பா. "ஐட்லிங்னா எஞ்சின் ஓடறதும்மா! ஆக்ஸிலேட்டர்லேந்து கால எடுத்துட்டு, வண்டி போவாம, எஞ்சின மட்டும் ஓட விடறது. பாய் பட்டறைல தெனம் நூறு வாட்டி சொல்ற வார்த்த ஆச்சே!"

அந்த ஒரு வார்த்தையை அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அப்படியே படித்திருந்தால் போதும். அவருக்கு இங்கிலீஷ் புரியாது என்று நானாக முடிவு செய்து, எனக்கும் சரியாகப் புரியாததைப் புரிந்ததாக நினைத்து, தெரிந்தமாதிரி ஒரு தமிழைச் சொல்லிவைத்தேன். வண்டியைக் கெடுத்தது உன் அப்பா இல்லை. நான்.

அழ நேரமில்லை. பின்பெஞ்சுக்கு அடியிலிருந்து நான்கு பாட்டிலையும் இழுத்தோம். ஊற்றப் புனல் வேண்டுமே? என் பெட்டியில் சுத்தமான எனிமா டப்பா இருந்தது, ரப்பர் குழாயோடு. அதைக் கூரைக் கம்பியில் மாட்டி, குழாயைக் குச்சி இருந்த ஓட்டையில் விட்டு, நான் பாட்டில் பாட்டிலாக ஊற்ற, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மாமியார்க்காரி, "ஐயையோ, வண்டிக்கு ரத்தம் ஏத்துறாங்களே" என்றாள். வலியின் நடுவிலும் சின்னப்பொண்ணு சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. நான்காவது பாட்டிலில் குச்சி கோட்டைக் காட்டியது. உன் அப்பா கைப்பிடியை இழுத்தார். வண்டி மணலைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, பாதியைத் தாண்டியது, உச்சிக்கு வந்தது. நான் கை தட்டினேன் ராஜா, நர்ஸ் தொப்பியோடு, சின்னப் பெண் மாதிரி.

டாக்டரம்மா அரைமணியில் குழந்தையை வெளியே எடுத்தார். பெண் குழந்தை. பிறந்து கொஞ்ச நேரம் அழவில்லை, அப்புறம் டேனரி சங்கு தோற்கும்படி அழுதது. தாயும் பிழைத்தாள்.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டு வந்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா முந்திக்கொண்டார். "வண்டி சரியாயிடுச்சும்மா. தப்பு என்னுதுதான். நான்தான் எண்ணெய எறக்கனது" என்றார். அவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, புத்தகத்திலிருந்து ஆற்றுமணல் வரை நடந்ததை நடந்தபடி நான் சொன்னேன். டாக்டரம்மா கண்டிப்பானவர், ஒரு ஊசி தொலைந்தாலும் விடமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் தானே படித்தார். பிறகு, "டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானும்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். கமிட்டிக்கு அன்றைக்கே கடிதம் எழுதி, விற்பதை நிறுத்தினார். அதன்பிறகு ஆறு வருஷம் அந்த வண்டி ஓடியது.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், "கரீம் பாய் ஒரு வழி சொன்னாரு, சரியாப்பூடுச்சு" என்று உன் அப்பாதான் சொல்லிவைத்தார். பாயே வீட்டுக்கு வந்து, "தோஸ்த், நான் இன்னா பண்ணேன்னு எனக்குப் பேர் குடுக்கற?" என்று கேட்டார். "காத்துன்னு சொன்னது நீதானே" என்று அனுப்பிவிட்டார். படித்த நர்ஸம்மா புத்தகத்தைத் தப்பாகப் படித்தாள் என்று யாரும் சிரிக்கக்கூடாது என்பதற்காக.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு நடந்துவரும்போது, டேனரி வாசலைத் தாண்டியதும் நின்றார். "ஒன்னு கேக்கறேன். மேட்டுல வண்டி வழுக்கின அன்னிக்கு என் வாய மோந்து பாத்தியே, இன்னா தெரிஞ்சுது?"

"வெத்தல வாசன" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"மோந்து பாக்கறதுக்குப் பதிலா வாயத் தொறந்து கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருக்கணும்" என்றேன். அவர் என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, "சரி, நட" என்றார். அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் எவ்வளவோ கேட்டிருப்பார்கள்.

உன் வண்டிக்கும் இதே நோய்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஒருமுறை தெரிந்தமாதிரி சொல்லிப் பட்டது போதும். கியர்பெட்டிக்குள் இருக்கும் பட்டை தேய்ந்திருக்கலாம், எண்ணெய் எங்காவது கசியலாம், ஆக்ஸிலேட்டரிலிருந்து போகும் கம்பி தளர்ந்திருக்கலாம் என்கிறார் உன் அப்பா. எதையும் பிரிப்பதற்கு முன்னால் அது ஓடும்போது பார், சூடாக இருக்கும்போது பார், மேட்டில் பார். எண்ணெயின் நிறத்தைப் பார், மோந்து பார். எண்ணெயை மட்டும் மோந்து பார். புரியாத வார்த்தை வந்தால் அதை அப்படியே நாலு பேருக்கு முன்னால் சத்தமாகப் படி. வெட்கப்படாதே. அதன் அர்த்தம் தெரிந்தவர் தரையில் உட்கார்ந்திருக்கலாம்.

இன்னும் ஒன்று. உன் கடிதத்தை நேற்றிலிருந்து ஆறு தடவை படித்துவிட்டேன். நான்கு பக்கத்தில் பம்பு இருக்கிறது, பல்சக்கரம் இருக்கிறது, உன் மேலதிகாரியின் அபிப்பிராயம் இருக்கிறது. அந்த லாரியை ஓட்டுகிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் பெயர்கூட இல்லை. பட்டறை வாசலில் எங்காவது பீடி பிடித்துக்கொண்டு தனியாக நிற்பார். ஒரு மாதமாக எல்லாரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்கள். நாளைக் காலையில் ஸ்பானரை எடுக்காதே. இரண்டு டீ வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்.

உன் அம்மா